ஓடிபியும் ஒரு கைநாட்டுத்தான்

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள் என்று நமது சங்கம் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. துரையே கேட்டாலும் நாம் வைப்பதில்லை. ஆனால் இன்று முகம் தெரியாத ஆளுக்குப் போனிலேயே கைநாட்டு வைத்துக் கொடுக்கிறோம். வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கம்தான் அந்தக் கைநாட்டு.

நம் பிள்ளைகள் போனில் சப்பாத்து, உடுப்பு ஓடர் செய்கிறார்கள். அது பிழையல்ல. டவுனுக்குப் போகும் பஸ் காசும் ஒரு நாள் பேரும் மிச்சம். ஆனால் சம்பளம் விழும் கணக்கின் அட்டையைத்தான் அதற்கும் பாவிக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

“உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள்” என்று குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் தபால் திணைக்களத்தின் பக்கத்தைப் போலவே ஒன்று திறக்கும். அட்டையின் முன்பக்க 16 இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்க 3 இலக்கம், கடைசியில் ஓடிபி கேட்கும். கொடுத்தால் போவது அந்தச் சிறு கட்டணம் மட்டுமல்ல.

ஓடிபி வரும் செய்தியிலேயே பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். ஆங்கிலம் என்றால் படித்த பிள்ளையிடம் காட்டி வாசிப்போம். நமக்குப் பணம் அனுப்புகிறவருக்குக் கணக்கு இலக்கமும் பெயரும் போதும், ஓடிபி தேவையில்லை. சில வெளிநாட்டுக் கடைகளில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். ஆகவே அட்டையைப் படம்பிடித்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். முடிந்தவரை, பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் வாங்குவோம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைக்கிற ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே லாபம். உடனே அட்டையின் பின்னால் உள்ள வங்கி இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வங்கியில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வாங்குங்கள். பொலிசிலும் சொல்லுங்கள். அட்டை மோசடியைக் குற்றமாக்கும் தனிச் சட்டமே 2006இல் வந்துவிட்டது. வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

கடிதம் எழுதத் தெரியாதே என்று நிற்க வேண்டாம். சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு இது. வாசிக்காமல் கைநாட்டு வைக்க மாட்டோம், தாளிலும் சரி, போனிலும் சரி.