நாய்க்குப் போடும் ஊசி நம் பிள்ளைக்குப் போடும் ஊசி

(கெடா மாநிலத் தோட்டமொன்றில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தது நம் காதில் விழுந்தது. சிரிக்கட்டும், குற்றமில்லை. ஆனால், லயத்தின் முதல் வாசலிலிருந்து இந்த மண்டபம் வரை எண்ணிக்கொண்டே வந்தோம். 17 நாய்கள். கழுத்தில் பட்டை கட்டியிருந்தவை மூன்றே மூன்று. எந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது, எப்போது போட்டது என்று வழியில் நின்றவர்களைக் கேட்டோம். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

நாயை விரட்டச் சொல்ல நாம் வரவில்லை. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போகிறவனுக்கு நாய் எப்பேர்ப்பட்ட துணை என்பது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நிரையில் பாம்பு கிடந்தால் முதலில் குரைப்பது அது. காட்டுப்பன்றி வந்தால் முன்னே நிற்பது அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளெல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு, வாசற்படியில் தனியே உட்கார்ந்திருக்கும் கிழவனார், நாய்க்குச் சோறு வைக்க வேண்டுமே என்பதற்காகவே அடுப்பு மூட்டித் தாமும் நாலு கவளம் சாப்பிடுகிறார். நாயோடு காலையில் நாலு அடி நடக்கிறார். டாக்டர் சொல்லியும் நடக்காத கால் நாய்க்காக நடக்கிறது! ஆகையால் வளர்ப்பு மிருகத்தால் மனிதனுக்கு ஆரோக்கியம் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த மிருகத்தின் ஆரோக்கியத்தை யார் பார்ப்பது என்பதே கேள்வி.

வெறிநோய் நாயின் எச்சிலில் வரும் கிருமியால் உண்டாவது. கடித்த புண் வழியே புகுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஒரு வாரத்திலும் ஏறலாம், ஓராண்டும் ஆகலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். மூளைக்குப் போய், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும் நிலை வந்துவிட்டால், பிழைப்பது அரிதிலும் அரிது. அதற்குமுன் ஊசி போட்டுக்கொண்டாலோ, நோய் வராமலே தடுத்துவிடலாம். ஒருபக்கம் நிச்சயமான சாவு, மறுபக்கம் ஏறக்குறைய நிச்சயமான பிழைப்பு. நடுவில் நிற்பது சில நாள் தாமதம். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை நாயால் வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெறிநாய் என்ற சந்தேகத்துக்குரிய பிராணியால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிள்ளை குட்டையாக இருப்பதால் முகத்திலும் தலையிலும் கடி விழுகிறது. அங்கிருந்து மூளை எவ்வளவு தூரம்?

"அதெல்லாம் இந்தியாவில்; நம் நாட்டில் ஏது?" என்று கேட்போர் உண்டு. கேளுங்கள். மலாயாவில் 1952-இல் இந்நோய் தலைதூக்கியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டும் தெருநாய்களைக் குறைத்தும்தான் அதை அடக்கினார்கள். பிறகு தாய்லாந்து எல்லையோரம், நம் கெடாவும் பெர்லிஸும் சேர்ந்த பகுதியில், நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு தடுப்பு வளையம் அமைத்தார்கள். நாம் குடியிருப்பது அந்த வேலிக்குப் பக்கத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம். 2012-இல் மலேசியா வெறிநோயற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 2015-இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களுக்கு மீண்டும் கண்டது. 2017 ஜூலை முதல் தேதி சரவாக்கின் செரியான் மாவட்டத்தில் நோய் பரவியிருப்பதாக அறிவித்தார்கள். அதுவரை இந்நோயை அறியாத மாநிலம் அது! முதலில் போனவர்கள் சிறு பிள்ளைகள். அதன்பின் அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடித்தவை எல்லாம் தெருநாய்கள் என்று எண்ணாதீர்கள்; வீட்டு நாயும் உண்டு, பூனையும் உண்டு.

இனி ஊசியைப் பற்றிய பயம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது கட்டுக்கதையன்று. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-இல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதல் இந்த ஊசியைப் போட்டார். பிறகு இந்தியாவில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து செய்யும் மருந்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் நீலகிரிக் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் பல தலைமுறைக்கு வெறிநோய் மருந்து தந்தது. ஆட்டு மூளை மருந்தை நாள்தோறும் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும்; சிலருக்கு அதனாலேயே கைகால் விழுந்ததும் உண்டு. கப்பலேறி வந்த நம் முன்னோர் அந்தப் பயத்தையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மருந்து ஒழிந்துபோயிற்று. இன்று போடுவது வேறு மருந்து. கையில், தோள்பட்டைக்குக் கீழே, குறித்த நாட்களில் நாலைந்து ஊசி. காயம் ஆழமாயிருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். அவ்வளவே. தொப்புளுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதிருப்பவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், இன்றோடு அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

கடி பட்டால் முதலில் செய்ய வேண்டியதைச் செய்ய டாக்டர் வேண்டியதில்லை. குழாயடிக்கு ஓடுங்கள். சவுக்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம்! சுண்ணாம்பு தடவாதீர்கள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போகிறவர் பிறகு போகட்டும், முதலில் கிளினிக்குக்குப் போகட்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைக்க முடிந்தால் கட்டிவைத்துக் கால்நடை வைத்திய இலாகாவுக்குச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்தும் நாய் சுகமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அறியலாம். அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

வெட்டுக்காட்டில் வேலை நேரத்தில் கடிபட்டால், அதை வேலையிடத்து விபத்தாகவே ஆபீஸில் எழுதச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பாஷை தெரியாமல், பெர்மிட்டுக்குப் பயந்து, கடியை மறைத்துக்கொள்பவர்கள் அவர்கள்தாம்.

மறைப்பது என்றதும் ஒன்று நினைவு வருகிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். அங்கே ஒரு பையனை நாய் கடித்தது. நிர்வாகம் ஆளை வைத்து, ஒரே நாளில் லயத்து நாய்களைச் சுட்டுத் தள்ளியது. கட்டிக் கிடந்ததும் போயிற்று, ஊசி போட்டதும் போயிற்று. பிள்ளைகள் அழுத அழுகையை நாம் நேரில் கண்டோம். சரி, தொல்லை தீர்ந்ததா? ஆறு மாதத்துக்குள் கம்பத்துப் பக்கமிருந்தும் ரோட்டோரத்திலிருந்தும் வேறு நாய்கள் வந்து குட்டி போட்டுவிட்டன. இவை யாருடைய நாய் என்பதும் தெரியாது. அதைவிட மோசம், அதன்பின் அந்த லயத்தில் நாய் கடித்தால் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் நாயைச் சுடுவார்கள் என்று பயம். ஒரு பெண்பிள்ளை கெண்டைக்காலில் பல் பட்டதை நாலு நாள் பாவாடைக்குள் மறைத்துவைத்திருந்தாள். அந்த நாய்க்கு நோய் இல்லை, பிள்ளை தப்பினாள். எப்போதும் அப்படி நடக்குமா?

ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியில்லாமல் நின்றுவிடும் என்று இத்துறை அறிந்தோர் சொல்கிறார்கள். ஊசி போட்ட நாயைச் சுடுவது என்பது, வேலியில் நிற்கும் கம்பை நாமே பிடுங்கி எறிவதாகும்.

"ஊசி போட யார் வேண்டாமென்றது? நேரமேது, காசேது?" என்று கேட்கிறீர்கள். நியாயம். பட்டணத்து மிருக வைத்தியரிடம் போக வண்டிச் சத்தம், வைத்தியர் கட்டணம், அன்றைக்கு வெட்டாத மரத்துக்குப் போகும் கூலி எல்லாம் சேர்ந்தால், நாய் வளர்ப்பது பணக்காரர் காரியம் என்று ஆகிவிடும். ஆகவே நாயை நாம் பட்டணத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட, வைத்தியர் தோட்டத்துக்கு வருவதே முறை. மாவட்டக் கால்நடை வைத்திய இலாகாவை ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக்கு அழைக்க வேண்டும். அழைப்பதும், வரும் செலவை ஏற்பதும், அன்று அரைநாள் பேரில் கைவைக்காமலிருப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று சங்கம் கேட்கிறது. இரப்பர் மரத்துக்கு மருந்தடிக்கக் கணக்கில் இடமிருக்கும்போது, மரம் வெட்டுகிறவன் பிள்ளையின் உயிருக்கு இடமில்லாமலா போகும்?

கிராணிமார்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். எந்த வீட்டில் எத்தனை நாய், எத்தனை பூனை, எப்போது ஊசி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாய்க்கும் செக்ரோலா என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். கடி பட்ட பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த ஒரு வரி டாக்டருக்கு உதவும்.

குட்டி நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுப்பூச்சி மருந்து கொடுப்பதையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். அவற்றின் மலத்தில் இருக்கும் கொக்கிப்புழு மண்ணில் கலந்து, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் தோலில் ஏறும். மூக்கிலும் காலிலும் ஆறாத புண்ணோடு திரியும் பூனையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். அது பிராண்டினால் அதே புண் நம் கையிலும் வரக்கூடும். இதற்கு மேல் இதை விரிக்க நேரமில்லை.

நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் செயலாளர் கையில் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் வீட்டுக்கொருவர் கையெழுத்துப் போடுங்கள். இலாகாவிலிருந்து நாள் குறித்து வந்ததும் பெரட்டில் அறிவிப்போம். அன்று காலை நாய்களைப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு வேண்டும், பூனைக்குச் சாக்கு வேண்டும். கடிக்கிற நாயை வளர்ப்பவர்கள் கடைசியில் வரட்டும்.