கடல் தாண்டி வந்த விளையாட்டு ஏன் ஓட மறுக்கிறது?



ஜப்பானிலிருந்து ஒரு பொட்டலம் வீடு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைய ஏலத்தில் எடுத்தது. உள்ளே முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வீடியோ விளையாட்டுச் சாதனம். கூடவே நான்கைந்து கேட்ரிட்ஜ்கள். வாங்கியவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பள்ளி விடுமுறை நாள்களில் அண்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளையாடிய நினைவுதான் அவரை இந்தச் செலவுக்கு இழுத்து வந்திருக்கிறது. கம்பிகளைச் செருகுகிறார். சுவிட்சைத் தட்டுகிறார். திரையில் ஒன்றுமே இல்லை. அல்லது படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழுமாக உருள்கிறது. அல்லது, பெட்டிக்குள்ளிருந்து மெல்லக் கருகல் வாடை வருகிறது.

கடைக்காரரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: "இது வேறு ரீஜன்." ஆனால் மேலே சொன்ன மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. சில தடைகள் தொழில்நுட்பத்தின் இயல்பால் வந்தவை. வேறு சில, விற்றவர்கள் வேண்டுமென்றே எழுப்பிய சுவர்கள். எது இயல்பு, எது சுவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால் நல்ல சாதனங்கள் குப்பைக்குப் போகின்றன. சில சாதனங்கள் முதல் நாளிலேயே எரிந்தும் போகின்றன.

முதலில் இயல்பாக வந்த தடையைப் பார்ப்போம். உலகத்தின் தொலைக்காட்சிகள் ஒரு காலத்தில் ஒரே மொழி பேசவில்லை. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி என்னும் முறையைப் பின்பற்றின. படம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பிக்கப்படும், 525 கோடுகள். ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் பால் என்னும் முறையைப் பின்பற்றின. (பசும்பால் அல்ல, ஜெர்மனியில் உருவான வண்ணத் தொலைக்காட்சி முறையின் சுருக்கப் பெயர் அது.) அதில் வினாடிக்கு 50 முறை, 625 கோடுகள். வண்ணத்தைச் சுமந்து வரும் அலைவரிசையும் இரண்டிலும் வேறு. அதனால்தான் பால் முறை மட்டுமே அறிந்த பழைய தொலைக்காட்சியில் ஜப்பானியச் சாதனத்தை மாட்டினால் வண்ணம் காணாமல் போகிறது, படம் உருள்கிறது. சாதனத்தில் பழுது எதுவும் இல்லை.

1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அது ஏரியல் கம்பி வழியாக, ஜப்பானின் 1 அல்லது 2-ஆம் அலைவரிசையில் படத்தை அனுப்பும். அந்த இடம் 90 மெகாஹெர்ட்சுக்கும் 102 மெகாஹெர்ட்சுக்கும் இடையில் இருக்கிறது. நம் ஊரில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? பண்பலை வானொலி! தொலைக்காட்சியில் எத்தனை முறை தேடினாலும் ஃபேமிகாம் அகப்படாததற்கு அதுதான் காரணம். படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கம்பியில் வெளியே எடுக்கும்படி உள்ளே சிறு மாற்றம் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வண்ணம் போவதும் படம் உருள்வதும் கண்ணுக்குத் தெரிகிற குறை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறை இருக்கிறது. உண்மையில் அதுதான் பெரிய இழப்பு. அந்தக் கால விளையாட்டுகள் திரை புதுப்பிக்கப்படும் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை. திரை ஒரு முறை மாறினால் விளையாட்டு வீரன் ஓர் அடி எடுத்து வைப்பான். 60-க்காக எழுதிய விளையாட்டை அப்படியே 50-இல் ஓட்டினால் என்ன ஆகும்? ஆறு அடி வைக்க வேண்டிய இடத்தில் ஐந்து அடிதான் வைப்பான். 60 வினாடியில் முடிய வேண்டிய ஓட்டம் 72 வினாடி எடுக்கும். பின்னணி இசையும் அதே கணக்கில் இழுபடும். கோடுகள் கூடுதலாக இருப்பதால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் குள்ளமாகத் தெரியும்.

செகா நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சோனிக் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீல முள்ளெலியின் பெருமையே அதன் வேகம்தான். விளம்பரமும் அதை வைத்துத்தான். ஆனால் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதை வாங்கிய பிள்ளைகள், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்த சோனிக்கைத்தான் பார்த்தார்கள், கேட்டார்கள். அதுதான் அசல் என்று நம்பி வளர்ந்தார்கள். பணம் குறைவாகவா கொடுத்தார்கள்? இல்லை. சில நிறுவனங்கள் 50-க்கு ஏற்றவாறு வேகத்தைச் சரிசெய்து கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பல நிறுவனங்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1999-இல் செகாவின் டிரீம்காஸ்ட் ஐரோப்பாவுக்கு வந்தபோதுதான், 50 வேண்டுமா 60 வேண்டுமா என்று விளையாடுபவரையே கேட்கும் வழக்கம் பரவலானது. அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

இனி, வேண்டுமென்றே எழுப்பப்பட்ட சுவர்களுக்கு வருவோம்.

ஃபேமிகாம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதில் பூட்டு எதுவும் இல்லை. அதே 1983-இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து விழுந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்து கிடந்தன. 1985-இல் நிண்டெண்டோ அங்கே கால் வைத்தபோது, தன் அனுமதி இல்லாமல் யாரும் கேட்ரிட்ஜ் விற்கக்கூடாது என்று முடிவு செய்தது. என்இஎஸ் என்ற பெயரில் போன அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு சில்லு. ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்குள்ளும் அதற்கு ஜோடியாக இன்னொரு சில்லு. இரண்டும் ஓயாமல் ரகசியச் சொல் பரிமாறிக்கொள்ளும். சொல் தவறினால் பெட்டி வினாடிக்கு ஒரு முறை தன்னைத் தானே அணைத்து அணைத்துத் தொடங்கும். சிவப்பு விளக்கு கண் சிமிட்டுவது அதனால்தான். (கேட்ரிட்ஜின் முனைகளில் அழுக்குப் படிந்திருந்தாலும் இதேதான் நடக்கும். வாயால் ஊதிச் செருகியவர்கள் நம்மிடையே ஏராளம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு முனை அரிக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைப்பதே சரி.)

அனுமதியற்றவர்களைத் தடுக்க வந்த பூட்டு, அப்படியே நாடுகளைப் பிரிக்கும் பூட்டாகவும் மாறியது. வட்டாரத்துக்கு வட்டாரம் ரகசியச் சொல் வேறு. ஐரோப்பாவுக்குள்ளேயே பிரிட்டனுக்கு ஒன்று, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கு இன்னொன்று! கேட்ரிட்ஜின் உருவமும் மாறியது: ஃபேமிகாமுக்கு 60 முனைகள், என்இஎஸ்ஸுக்கு 72. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் முதலில் விற்ற சில கேட்ரிட்ஜ்களைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தால், உள்ளே ஜப்பானிய அட்டையே இருக்கும். 60-ஐ 72 ஆக்கும் ஓர் இணைப்பானும் சேர்த்து.

1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் கதை இன்னும் சுவையானது. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ரகசியச் சொல் ஒன்றுதான். தொலைக்காட்சி முறையும் ஒன்றுதான். பிறகு ஏன் ஜப்பானியக் கேட்ரிட்ஜ் அமெரிக்கப் பெட்டியில் நுழையவில்லை? துவாரத்தின் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவே. குறட்டால் அவற்றை முறித்துவிட்டால் விளையாட்டு ஓடும். ஐரோப்பியப் பெட்டியிலோ நேர் எதிர்: ஜப்பானியக் கேட்ரிட்ஜ் அழகாகப் பொருந்தும், உள்ளே இருக்கும் சில்லு ஏற்காது. அதற்கு ஓர் இணைப்பான் வந்தது. உள்ளூர்க் கேட்ரிட்ஜ் ஒன்றைப் பின்புறம் செருகி அதன் சில்லைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு, வெளிநாட்டு விளையாட்டை முன்னால் ஓட்டுவது. நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. திரை 50-இல் ஓடுகிறதா 60-இல் ஓடுகிறதா என்று விளையாட்டே சோதித்து, இந்தச் சாதனத்துக்கு உரியதல்ல என்று எழுதிக் காட்டி நின்றுவிடும்படி செய்தன.

என்இசி நிறுவனத்தின் பிசி எஞ்சின் இதைவிடக் குறும்பானது. கடன் அட்டை அளவிலான அதன் விளையாட்டு அட்டை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே உருவம். ஆனால் தகவல் போகும் எட்டுக் கம்பிகளின் வரிசையை அமெரிக்கப் பெட்டியில் தலைகீழாக்கிவிட்டார்கள். எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் சொல் எப்படிப் புரியும்?

செகாவின் மெகா டிரைவ் சற்றுப் பெருந்தன்மை. எந்த நாட்டுப் பெட்டியில் இருக்கிறோம் என்று விளையாட்டே கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரே கேட்ரிட்ஜ், அமெரிக்கப் பெட்டியில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' என்றும் ஜப்பானியப் பெட்டியில் 'பேர் நக்கிள்' என்றும் பெயர் காட்டியது 1991-இல். உள்ளே இரண்டு சிறு சுவிட்சுகள் பொருத்தினால் நாட்டையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

வட்டுகள் வந்தபோது சுவர் கண்ணுக்குத் தெரியாததானது. 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷனின் ஒவ்வொரு வட்டிலும், தடத்தின் மெல்லிய அசைவில் நான்கு எழுத்துகள் மறைத்து வைக்கப்பட்டன. ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. சாதாரண வட்டுப் பதிவுக் கருவியால் அந்த அசைவை நகல் எடுக்க முடியாது. ஆகவே திருட்டு வட்டைத் தடுப்பதும், கடையில் முறைப்படி பணம் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு வட்டைத் தடுப்பதும் ஒரே பூட்டின் வேலையாகிவிட்டது. நேர்மையாக வாங்கியவரையும் திருடரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது இந்த ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. பூட்டை ஏமாற்றும் சில்லை விற்றவருக்கு எதிராக சோனி தொடுத்த வழக்கில், 2005 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சோனிக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டம் பின்னர் திருத்தப்பட்டது என்பது வேறு விஷயம்.

நம் வட்டாரத்தின் நிலைமை ஒரு தனி விநோதம். தொலைக்காட்சியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஐரோப்பாவின் பக்கம். பிளேஸ்டேஷன் கணக்கிலோ தென்கிழக்காசியா ஜப்பானோடு சேர்க்கப்பட்டது. ஒரே வரவேற்பறையில் பெட்டி ஜப்பானியம், திரை ஐரோப்பியம்! பல முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சிகள் இங்கே விற்பனைக்கு வந்ததால்தான் பலர் இந்த முரண்பாட்டை உணராமலே விளையாடினார்கள். 2019-இல் இரு நாடுகளிலும் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. ஆகாயத்தில் பால் முறை இல்லை. பழைய கேட்ரிட்ஜ்களுக்குள் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைய தட்டைத் திரைகள் பெரும்பாலும் 50, 60 இரண்டையும் ஏற்கும். ஆனால் பழைய சாதனங்கள் அனுப்பும் எளிய படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மங்கலாகக் காட்டும் திரைகளும் உண்டு; பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிக்குத் துவாரமே இல்லாத திரைகளும் உண்டு. வாங்கும் முன் வீட்டுத் திரையின் பின்புறத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குதித்து ஓடும் விளையாட்டுக்கு ஜப்பானிய மொழி தேவையில்லை. கதை சொல்லும் விளையாட்டுக்குத் தேவை. அதிலும் எண்களை நம்பி வாங்கக்கூடாது. சூப்பர் ஃபேமிகாமில் 'ஃபைனல் ஃபேன்டஸி' ஆறாம் பாகமாக வந்தது, அமெரிக்காவில் 1994-இல் மூன்றாம் பாகம் என்ற பெயரில் விற்கப்பட்டது. இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டு விழிக்க வேண்டாம்.

கடைசியாக அந்தக் கருகல் வாடை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230, 240. பிளேஸ்டேஷன், செகா சேட்டர்ன் போன்றவற்றில் மின்மாற்றுப் பகுதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிளக்கை மாற்றிச் செருகினால் ஒரே நொடியில் முடிந்துவிடும். மின்னழுத்தத்தை இறக்கித் தரும் மின்மாற்றி இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது. தனி அடாப்டர் கொண்ட சாதனங்களில் ஆபத்து வேறு மாதிரி. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்சாரம், அதுவும் முனையின் நடுவில் எதிர்மின். என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவது 9 வோல்ட் மாறுமின்சாரம். அதை ஃபேமிகாமில் செருகினால் உள்ளே இருப்பது வெந்துவிடும். மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுவில் எதிர்மின். இரண்டாம் மாடலுக்கு நடுவில் நேர்மின். நிறுவனம் ஒன்றே, விளையாட்டுகளும் ஒன்றே, அடாப்டர் மட்டும் வேறு.

சாதனத்தின் அடியிலும் அடாப்டரின் முதுகிலும் ஓர் ஒட்டுத்தாளோ பொறித்த எழுத்தோ இருக்கும். எத்தனை வோல்ட், நேர்மின்சாரமா மாறுமின்சாரமா, நடுவில் எந்த மின்முனை என்று சிறு படத்தோடு அதில் போட்டிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் கேட்ரிட்ஜைத் தேடுவதற்கு முன்பாக, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அதைப் படித்துவிடுங்கள்.