சொல்லில்லாத பாட்டு

இலக்கியத் தொடரில் மின்கிற்றாருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்கிலே நரம்பிசை பற்றிப் பேசக் கூச்சம் வேண்டியதில்லை என்ற துணிவோடு தொடங்குகிறேன். றொக் அன்ட் றோல் இசை பிறந்த புதிதில், பாடகர் இல்லாமல் கிற்றார் மட்டுமே மெட்டை வாசித்த இசைத்தட்டுகள் சில வந்தன. அவற்றின் கதைதான் இன்றைய பேச்சு.

மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியிலுள்ள மாங்கேணி என் ஊர். நான் சிறுவனாயிருந்த 1960களில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. மின்கிற்றாரை நான் கேட்டது பற்றரியில் இயங்கிய வானொலிப்பெட்டியில்தான். இலங்கை வானொலியின் ஆங்கிலப் பாட்டுகளில் ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடாது. ஆனால் வெறும் கிற்றார் ஒலிக்கும்போது, அதில் கொழும்புப் பிள்ளைக்கு இருந்த உரிமை எனக்கும் இருந்தது.

எங்கள் கோயில் நாதஸ்வரத்துக்கும் சொல் கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வித்துவான் கீர்த்தனையை வாசிக்கையில், தெரிந்தவர் மனசுக்குள் சாகித்தியம் கூடவே ஓடும். 'அப்பாச்சி'யின் பின்னால் அப்படி ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. 1954இல் வந்த அதே பெயருடைய திரைப்படத்தை நினைத்து ஜெரி லோர்டன் இயற்றியது அது. 1960இல் ஷாடோஸ் குழு வாசித்து, பிரித்தானியாவில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. படத்தில் வருவது அமெரிக்கப் பழங்குடி வீரன். எனக்கோ அது வாடைக்காற்றில் தத்தளித்துக் கரைக்கு வரும் தோணியாகவே கேட்டது.

அந்த ஓசையும் சும்மா வந்ததல்ல. ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் இத்தாலியில் செய்த எதிரொலிப் பெட்டியொன்றைக் கிற்றாரோடு இணைத்துக்கொண்டார். அவருக்கு முன்பே அமெரிக்காவில் டுவேன் எடி, மெட்டைத் தடித்த தந்திகளிலே வாசித்தார். எதிரொலிக்காக 2,000 கலன் கொள்ளும் வெறுந்தண்ணீர்த் தாங்கியைக் கொண்டுவந்து, அதற்குள் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் வைத்தார்கள். லிங்க் ரே செய்தது இன்னும் வேடிக்கை. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பில் பென்சிலால் ஓட்டை குத்திக் கிழிசல் ஓசையை வரவழைத்தார். 1958இல் வந்த அந்த 'றம்பிள்', இளைஞரைச் சண்டைக்குத் தூண்டும் என்று அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு சொல்லும் இல்லாத பாட்டுக்குத் தடை! எழுதுகிற நாங்கள் சற்றுப் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

எங்கள் நாட்டிலோ 1956க்குப் பின் சொல்தான் வழக்கு. எந்த மொழி என்பதே சண்டை. அந்த நாட்டில் 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அவருடைய பாட்டுகள் பலவற்றில், பாடகர் வாய் திறக்குமுன் கிற்றார் தனித்தந்தியில் மெட்டைச் சொல்லிவிடும். அது ஷாடோஸ் வழி என்பது என் காதின் தீர்ப்பு. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் தமிழில் பொப் பாட்டுப் பாடியபோதும் கையில் கிற்றார் இருந்தது. இரு பக்கத்து இளைஞரும் ஒரே ஓசையின் பின்னால் போனார்கள். அதனால் சண்டை நின்றதா என்றால், இல்லை. கிற்றார் மீது அந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமும் அல்ல.

'அப்பாச்சி'யின் பயணம் அங்கே முடியவில்லை. 1973இல் இன்கிரெடிபிள் பொங்கோ பாண்ட் என்ற குழு அதை நீண்ட மேளப் பகுதியோடு மறுபடி பதிவு செய்தது. நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் இசைத்தட்டு ஓட்டுபவர்கள் அந்த மேளத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். அதன்மேல் இளைஞர்கள் ஆடினார்கள், பேசினார்கள். சொல்லே இல்லாத மெட்டு, சொல் மலிந்த ராப் பாட்டுக்கு அடித்தளமாயிற்று.

என் பேரன் தமிழில் ராப் எழுதுகிறான். அவனுக்கு ஒருநாள் அந்த 1960ஆம் ஆண்டுப் பதிவைப் போட்டுக் காட்டினேன். "இதுக்குப் பாட்டு எங்க, அம்மப்பா?" என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவன், பிறகு மேசையில் தட்டித் தட்டி, தானாக ஏதோ சொற்களை முணுமுணுக்கத் தொடங்கினான்.