உலையில் இடுமுன் ஒரு பிடி



நம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் இந்த ஆண்டு விழாவில், பள்ளிக்கு நிதி திரட்டும் கைங்கரியத்தைக் குறித்து நாலு வார்த்தை பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நிதி என்ற மாத்திரத்தில் செல்வந்தர் வீட்டு வாசலை நினைப்பது நம் வழக்கம். ஆயினும் தமிழகத்துக் கல்வியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போமானால், எத்தனையோ பள்ளிகளை வாழவைத்தவர்கள் அன்றாடம் உழைத்து உண்ட குடும்பத்தார்தாம் என்ற உண்மை விளங்கும்.

விருதுநகரிலே சத்திரிய வித்தியாசாலை என்றொரு பள்ளி. ஊர் வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து எடுத்துவைத்த மகமைப் பணமும், இல்லத்தரசிகள் நாள்தோறும் சோறாக்குமுன் தனிக் கலயத்தில் போட்டுவைத்த பிடி அரிசியும் சேர்ந்து அந்தப் பள்ளியை நடத்தின. 1903-ஆம் ஆண்டில் அவ்வூரிலே பிறந்த காமராசர் என்னும் சிறுவன் கட்டணமின்றிக் கற்றது அந்த அரிசியின் தயவினாலே என்பதை எண்ணும்போது, பெயர் தெரியாத அந்தத் தாய்மார்களின் கைகளை மானசீகமாக வணங்கத் தோன்றுகிறது.

அந்தக் காமராசர் பின்னாளில் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் உறுதுணையோடு, 1956-ஆம் ஆண்டு பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, ஊர் மக்களின் கொடையே அதற்கு ஆதாரமாக இருந்தது. பின்னர் அரசாங்கத்தின் மானியம் வந்த காலத்திலும், ஓர் உணவுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசு தர, மீதி 4 காசை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கி மாவட்டந்தோறும் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே, கரும்பலகையும் நாற்காலியும் கட்டடமும் நிலமும் மக்களே மனமுவந்து அளித்தார்கள். இன்றைக்கும் சில ஊர்களில், தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போலவே மேளதாளத்தோடு தாம்பாளங்களை ஏந்திப் பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டுசெல்கிறார்களே, அது அந்தப் பரம்பரையின் தொடர்ச்சியே ஆகும்.

பெரியோர்களே, அந்தப் பிடி அரிசியில் அடங்கியிருக்கும் தர்மத்தை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். உண்டபின் மிஞ்சியதை எடுத்து அத்தாய்மார்கள் பள்ளிக்குத் தரவில்லை. வீட்டாருக்கென அளந்த அரிசியிலிருந்து, உலையில் இடுமுன்னரே, பள்ளியின் பங்கைப் பிரித்துவைத்தார்கள். காலத்தையும் நாம் அவ்வாறே பிரித்துவைக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த விண்ணப்பம். விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டி, பேருந்தைப் பிடித்து வேலைக்கு ஓடி, மாலையில் திரும்பி, வீட்டுப்பாடமும் முதியோரின் மருந்துவேளையும் கவனித்து முடிக்கும் ஒரு தாய்க்கு ஓய்வு நேரம் எங்கே மிஞ்சப் போகிறது? மிஞ்சட்டும், பிறகு பார்ப்போம் என்று நாம் ஒவ்வொருவரும் இருந்துவிடுவதனாலேதான், நிதி திரட்டும் உணவு விழாவுக்குக் கூப்பன் அச்சிடுவது முதல் கடைசியில் பந்தல் பிரிப்பது வரை அத்தனை பாரமும் மூன்று நான்கு பேர் தலையில் விழுகிறது. அவர்களும் ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்து விலகிவிடுகிறார்கள்.

கடமை ஒருவரிடம் குவியாதிருக்க உபாயம் உண்டு. கணக்குத் தெரிந்தவர் ரசீதுப் புத்தகத்தை ஏற்கட்டும். கடைவீதியில் பழக்கமுள்ளவர் வணிகர்களை நாடட்டும். பழைய மாணவர்களை அறிந்தவர் அவர்களுக்குச் செய்தி சொல்லட்டும். வீட்டைவிட்டு அகல முடியாதவர் ஒரு படி சுண்டல் அவித்துத் தந்தாலும் போதும். தந்தைமார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை: கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதி இடத்தைப் பெண்களுக்கும் வகுத்திருக்கிறது. உங்கள் மனைவி குழுக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் அந்த மாலையிலே அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்வதும் பள்ளிக்குச் செய்யும் தொண்டே என்று அறிவீர்களாக.

இரண்டு நியமங்களை மாத்திரம் நாம் மறவாதிருக்க வேண்டும். முதலாவது, எவரையும் நிர்ப்பந்தித்துப் பணம் பெறலாகாது. கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை வகுப்பிலே தலைகுனிய நேருமாயின், அப்படித் திரட்டிய நிதியினால் பள்ளிக்குப் பெருமை சேராது. இரண்டாவது, வந்த ஒவ்வொரு ரூபாயும் சென்ற ஒவ்வொரு ரூபாயும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். கணக்கு வெளிச்சத்தில் இருக்கும்வரை கொடுக்கும் கை தளராது. அரசாங்கத்தை அதன் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்காக நாம் இந்த முயற்சியை மேற்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரியதை அரசிடம் உரத்துக் கேட்கும் யோக்கியதையும், பள்ளிக்காக உழைக்கும் பெற்றோருக்கே முதலில் வாய்க்கும்.

ஆகவே, அன்பர்களே, இந்த மண்டபத்தை விட்டுச் செல்லுமுன் வாயிலருகே உள்ள நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரையும், உங்களால் இயன்ற பணியையும், அதற்கென மாதத்தில் எந்த நாளில் எத்தனை நாழிகை ஒதுக்க முடியும் என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். தொகை எழுத வேண்டாம். நேரத்தை எழுதுங்கள், அதை முதலில் எழுதுங்கள். நம் பிள்ளைகளின் பள்ளி நம்மால் உயரும்.