லிஸ்பனும் மட்டாஞ்சேரியும்

(மட்டாஞ்சேரியில் நடந்த குடும்ப சங்கமத்தின் முதல் நாள் மாலையில் உள்ளூர் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மும்பை, டில்லி, பெங்களூர், கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் இவ்வளவு பேர் குடும்பத்தோடு மட்டாஞ்சேரிக்கு வந்திருப்பது எங்களுக்குப் பரம சந்தோஷம். பிள்ளை, மாட்டுப்பெண், பேரன், பேத்தியோடு நாங்கள் லிஸ்பன் போய் வந்ததைப் பற்றிப் பேசும்படி கமிட்டியில் சொன்னார்கள். போட்டோக்களைத் திரையில் போடலாமே என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். டிபனுக்குப் பிறகு விளக்கை அணைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

விசா, இன்ஷூரன்ஸ், எந்த ஏஜென்ட் என்பதையெல்லாம் பிறகு தனியாகக் கேளுங்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. லிஸ்பனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மட்டாஞ்சேரியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நம் ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் பார்ப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி இங்கே இருக்கிறது.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். ஏழு குன்று என்பார்கள். என் முழங்காலைக் கேட்டால் இன்னும் நாலைந்து சேர்த்துச் சொல்லும். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்திருக்கிறார்கள். பார்க்க ஆடி வெள்ளிக் கோலம் மாதிரி இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். பெரியவர்கள் நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் போகவேண்டாம். இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் உட்கார இடம் கிடைத்தால் பாக்கியம். நம் ஆட்டோ அங்கேயும் ஓடுகிறது, டுக்டுக் என்று பெயர். அதற்குக் கேட்ட தொகையைக் கேட்டதும் என் ஆத்துக்காரர், "நடக்கறது உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார்.

1755 நவம்பர் 1ஆம் தேதி வந்த பூகம்பமும், சுனாமியும், தீயும் அந்த ஊரைத் தரைமட்டமாக்கின. நடு ஊரில் இன்று நாம் பார்க்கும் நேர்நேரான தெருக்கள் அதற்குப் பிறகு கட்டியவை. பூகம்பத்துக்குத் தப்பிய பெரிய கட்டடங்களில் ஒன்று பெலெம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடம். ஆற்றங்கரையில், கல்லில் இழைத்த நகை மாதிரி நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமாவின் சமாதி. எதிர்ப்பக்கம் அவருடைய பயணத்தைக் காவியமாகப் பாடிய கமோயன்ஸின் சமாதி. எங்கள் பேத்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

"பாட்டி, இவரை நம்ம ஊர்லன்னா புதைச்சிருக்குன்னு நீ சொன்னே?"

கேள்வி சரியான கேள்வி. 1524 டிசம்பர் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வாஸ்கோ ட காமா கொச்சியில்தான் இறந்தார். முதலில் அடக்கம் செய்தது ஃபோர்ட் கொச்சியில் இருக்கும் செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில். சுமார் பதினான்கு வருஷம் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். ஜெரோனிமோஸ் மடத்துக்கு அவை வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். இங்கே பித்தளைக் கம்பி வேலிக்குள் அந்தக் கல் மட்டும் இருக்கிறது. அங்கே கூட்டம் கூட்டமாக வந்து படமெடுக்கிறார்கள். இங்கே வருகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் வெளியே போய், சீனவலைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மடத்தைக் கட்ட மன்னர் மனுவேல் பணம் ஒதுக்கியது எதிலிருந்து தெரியுமா? ஆப்பிரிக்காவோடும் கீழ்த்திசையோடும் நடந்த வாணிபத்தின் மேல் விதித்த 5 சதவீத வரியிலிருந்து. அந்த வரிக்கு மிளகின் பெயர். வேடிக்கை என்னவென்றால், மிளகு, பட்டை, கிராம்பு இவற்றின் வரி மட்டும் அதில் சேராது, நேரே அரசர் கஜானாவுக்குப் போய்விடும். நல்ல ஐட்டத்தை யாரும் தர்மத்துக்கு எழுதிவைப்பதில்லை, எந்த ஊரிலும்.

குழந்தைகளுக்கு அங்கே கிடைப்பது வீரரின் கதை. 1498இல் கடல்வழி கண்டுபிடித்தவர், அவ்வளவுதான். 1502இல் இரண்டாம் முறை வந்தபோது மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பிய ஒரு கப்பலைப் பிடித்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு அதைக் கொளுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேத்தியிடம் அந்தச் சமாதிக்கு முன்னாலேயே சொன்னேன். மாட்டுப்பெண்ணுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு இது தாங்கும் என்பது என் அபிப்பிராயம்.

கொஞ்சம் லேசான விஷயத்துக்கு வருவோம். லிஸ்பனில் எங்களுக்கு மொழி தெரியாது, ஆனால் பாதி வீடு புரிந்தது! ஜன்னலுக்கு ஜனேலா, சாவிக்குச் சாவெ, மேஜைக்கு மெஸா, அலமாரிக்கு அர்மாரியோ. பழக்கடையில் அன்னாசி அனனாஸ்தான். நம் வீட்டுக்குள் அவர்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் பாருங்கள்.

சமையலறைக்குள்ளும் வந்தார்கள். மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் மூலமாகத்தான் நமக்கு வந்தது. மிளகு மாதிரிக் காரமாக இருக்கிற காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. அதற்கு முன்னால் நம் பாட்டிமார்கள் காரத்துக்கு என்ன போட்டார்கள் என்று பேரன் கேட்டான். சிராத்தத்தன்று நம் வீட்டில் என்ன சமைக்கிறோம் என்று யோசித்துப் பார் என்றேன். மிளகாய் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது. மிளகு, சீரகம், இஞ்சி, வாழைக்காய், பாகற்காய், புடலங்காய். வாஸ்கோ ட காமா வருவதற்கு முந்தைய சமையல் நம் வீட்டில் வருஷத்துக்கு ஓரிரு நாள் இன்னும் நடக்கிறது. சாஸ்திரத்தில் காரணம் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை, வாத்தியார் மாமா முறைக்கவேண்டாம். பையன் அதற்குப் பிறகு சிராத்தச் சாப்பாட்டைப் பற்றி முனகுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

(சாப்பாடு என்றதும் ஒன்று: லிஸ்பனில் எல்லோரும் சிபாரிசு செய்கிற அந்தக் கஸ்டர்டு டார்ட்டில் முட்டை மஞ்சள்கரு உண்டு. பார்த்தால் பால்கோவா மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள்.)

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். லிஸ்பன் நடுவில் ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவோ டொமிங்கோ சர்ச் இருக்கிறது. அதன் வாசலில் யூதர்களின் நட்சத்திரம் பொறித்த ஒரு கல். பல டூரிஸ்டுகள் அதன்மேல் பையை வைத்து ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறார்கள். 1496இல் போர்ச்சுகல் மன்னர் யூதர்களை வெளியேறச் சொன்னார், அடுத்த வருஷம் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்வித்தார்கள். 1506 ஏப்ரலில், அப்படி மதம் மாறியவர்களையும் விடாமல் லிஸ்பன் தெருக்களில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்தக் கல்லை வைத்தது 2008இல், ஐந்நூறு வருஷம் கழித்து.

ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து துரத்தப்பட்டவர்களில் சிலர் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம் இதோ, இந்த மட்டாஞ்சேரி. கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டினாற்போல் அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் பரதேசி யூதப் பள்ளி எழுந்தது. பரதேசி என்றால் இங்கே பிச்சைக்காரன் என்று அர்த்தமில்லை, வேறு தேசத்திலிருந்து வந்தவன், அவ்வளவுதான். அங்கே வைத்துக் காத்த செப்பேடு அதற்கும் ஐந்நூறு வருஷம் முந்தியது. ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் உள்ளன. தமிழும் மலையாளமும் பிரிந்து முடியாத காலத்து மொழி.

லிஸ்பனில் துரத்தியவர்களே இங்கும் வந்து சேர்ந்ததுதான் கொடுமை. 1662இல் போர்த்துகீசியர் அந்தப் பள்ளியைத் தாக்கிப் பாழாக்கினார்கள். மறு வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் அதைத் திரும்பக் கட்ட முடிந்தது. கோவாவிலிருந்து போர்த்துகீசியர் கெடுபிடி தாங்காமல் வந்த கொங்கணி ஜனங்களுக்கும் இதே ஊர்தான் இடம் கொடுத்தது. அவர்களுடைய திருமலை தேவஸ்வம் கோயில் இங்கிருந்து நடக்கிற தூரம்.

இப்படி வந்து நாலு நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் இன்று எங்கே? 1948இல் இஸ்ரேல் உண்டான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். பலருக்கு அது பிரார்த்தனையில் தினம் கேட்ட தேசம். இளையவர்கள் படிப்பு, வேலை, வரன் என்று போனார்கள். இங்கே அவர்களை யாரும் துரத்தவில்லை. 2019இல் ஸாரா கோஹன் 96 வயதில் காலமானார். ஜூ டவுனில் அவர் எம்பிராய்டரி கடையைப் பார்க்காதவர் இல்லை. 2024இல் க்வீனி ஹலேகுவாவும் போனார். பரதேசி யூதப் பெண்களில் இங்கே அவர்தான் கடைசி. பள்ளியில் முறையான பிரார்த்தனைக்குப் பதின்மூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கட்டடம் இருக்கிறது, கான்டனிலிருந்து வந்த நீல ஓடுகள் இருக்கின்றன, டிக்கெட் கொடுக்க ஆள் இருக்கிறது. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லை.

இதைச் சொல்லும்போது என் தெரு ஞாபகம் வராமல் இருக்குமா? நான் கல்யாணமாகி வந்தபோது இங்கே வரிசையாகத் தமிழ் வீடுகள். இப்போது ஒரு கை விரலுக்குள் அடக்கம். சாஸ்தா ப்ரீதிக்கு இலை போட்டால் பந்தி நிரம்ப எர்ணாகுளத்திலிருந்தும் திருப்பூணித்துறையிலிருந்தும் வரவேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளையும் வெளிதேசத்தில்தான் இருக்கிறான், அதனால்தான் லிஸ்பன் பார்க்க முடிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது குழந்தைகளை அழைத்துவந்து, நம் ஆத்துத் திண்ணையில் நாலு நாள் உட்காரவை என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளிடமும் அதையே சொல்லச் சொல்வேன். டூரிஸ்டாக வந்து பார்ப்பது வேறு, வீட்டுக்காரனாக வந்து பார்ப்பது வேறு.

நாளை ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் திறந்திருக்கும். தனியாக வருகிறவர்கள் வெள்ளி, சனியைத் தவிர்த்துவிடுங்கள். யூதப் பள்ளி இரண்டு நாளும் மூடியிருக்கும், அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. அரண்மனையில் தொடங்குங்கள். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி மன்னர் வீர கேரள வர்மருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நின்றுவிட்டது. கட்டியவர் யாராக இருந்தாலும் உள்ளே நம் நாலுகெட்டுதான், நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி. பள்ளியறைச் சுவரில் தசரதரின் யாகம் தொடங்கி சீதை திரும்பி வருவது வரை ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. அங்கே குறைந்தது முக்கால் மணி கொடுங்கள். கதை சொல்லத் தெரிந்த பாட்டி, தாத்தாக்கள் கைடுக்குக் காசு கொடுக்கவேண்டாம். தரையையும் குனிந்து பாருங்கள். கறுப்புப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் எரித்த கொட்டாங்கச்சி, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்தது என்கிறார்கள்.

அங்கிருந்து யூதப் பள்ளிக்கு நடந்தே போகலாம். செருப்பைக் கழற்றவேண்டும், அரை டிராயர் அனுமதியில்லை. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூரையில் தொங்கும் பழைய துணிப் பங்காக்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். வெளியிலிருந்து ஆள் கயிற்றை இழுத்துக் காற்று வரவழைப்பார்கள். திரும்பும்போது ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஹைகோர்ட் வரை வாட்டர் மெட்ரோவில் போனால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

மிளகு வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஜூ டவுனில் முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள், என்னிடம் கேளுங்கள். காலை ஏழரைக்கு இட்லி தயாராக இருக்கும். எட்டு மணிக்குக் கிளம்புகிறோம்.