சர்வீஸ் வெளியே போனால் நஷ்டம் எவ்வளவு?

(குடியரசு தினத்தன்று, நமது குடியிருப்புப் பிள்ளைகளின் வாலிபால் ஆட்டத்துக்கு முன் பேசியது)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வங்கி கவுன்ட்டரில் காலம் தள்ளியவன் நான். கணக்கு இல்லாமல் பேச வராது.

போன மாதம் இதே இடத்தில் என் பேரன் எம்பி அடித்த சர்வீஸ் மூன்று தொடர்ந்து வெளியே போனது. "கீழே நின்னு ஒழுங்கா போடுடா, பாயின்ட்டை ஏன் தானம் பண்றே?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அன்றிலிருந்து அவன் எம்புவதே இல்லை. மனசு கேட்காமல், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பெரிய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் கிளை அணியில் ஆடிய காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. தப்பாகப் போட்டால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவே. 1998-ல் உலக சம்மேளனம் விதியை மாற்றியது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது புள்ளி. அப்படியானால் சர்வீஸை இன்னும் பத்திரமாக அல்லவா போட வேண்டும்? உலகத் தர ஆடவர் ஆட்டத்தில் நடப்பது நேர்மாறு.

காரணம் இதுதான். அந்தத் தரத்தில் சர்வீஸை வாங்கும் அணியே தோராயமாக மூன்றுக்கு இரண்டு முறை புள்ளி எடுக்கிறது. அதாவது 30 சர்வீஸ் போட்டால் நமக்கு வருவது 10 புள்ளிதான். ஆகவே பந்து வெளியே போனால் உண்மையான நஷ்டம் ஒரு முழுப் புள்ளி அல்ல, மூன்றில் ஒரு பங்கு. நேரடியாகப் புள்ளி விழுந்தால் லாபம் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு தப்புக்கு ஒரு ஏஸ் வந்தாலே வரவும் செலவும் சரியாகிவிடும்.

ஏஸ் மட்டுமே லாபம் என்று நினைக்காதீர்கள். 130 கிலோமீட்டர் வேகப் பந்து எதிராளியை அடைய ஏறக்குறைய அரை நொடிதான். சுழலாமல் போகும் மிதவை சர்வீஸோ கடைசி நேரத்தில் இப்படி அப்படி ஆடும். பந்தின் மேற்பரப்பும் துண்டுகள் சேரும் வரியும் காற்றைப் பிடிக்கும் விதம் அப்படி. தோல் ஊர்க்காரர்களுக்கு மேற்பரப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் போட்டு "நீயா நானா" என்று தயங்க வைத்தாலும், அடிக்க வேண்டியவனையே குனிந்து வாங்க வைத்தாலும் பந்து செட்டர் கைக்குச் சரியாகப் போகாது. அவன் வலையை விட்டு ஓட வேண்டும். நடுவில் வேகமாக அடிக்கும் வழி அடைபடும். பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துவிடுவதால், நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் தடுக்கத் தயாராக நிற்கலாம்.

மூன்றில் ஒரு பங்கெல்லாம் ஒரு கணக்கா என்பவர்களுக்கு: 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 3-2 என்று வென்றது. செட்கள் 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. கூட்டிப் பாருங்கள், இரு அணிக்கும் 116! எனக்கு அந்த ஆட்டம் முடிந்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நம் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் சாதாரண சர்வீஸையே எதிரணி பாதி நேரம் கோட்டை விடுகிறது. அங்கே தப்பின் விலை அதிகம். வலைக்கு மேல் போட்டாலே போதும். ஆனால் இன்று மாலை பெரியவர்கள் பிரிவில், நன்றாக வாங்கும் பையன்களுக்கு எதிராக, மெதுவாகப் போடுவதுதான் தானம்.

பேரனிடம் நேற்று இதைச் சொன்னேன். "தாத்தா, இன்னிக்கும் வெளியே போச்சுன்னா?" என்றான். கத்த மாட்டேன் என்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

ஆட்டம் ஐந்து மணிக்கு. எம்பி அடிக்க ஓடி வர இடம் வேண்டும். பின்கோட்டை ஒட்டிக் கார் நிறுத்தியிருப்பவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள்.