குழந்தை வயிற்றில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்



எங்கள் குழுவுக்குக் கொடுத்த தலைப்பு குழந்தை நலம். அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். கிருமி என்றாலே நோய் என்று நினைக்கிறோம். ஆனால் நல்லா ஓடி விளையாடுகிற குழந்தையோட வயிற்றிலும் கிருமி இருக்கு. இருக்கணும்.

நாம சாப்பிடுகிற சோற்றின் சத்து ரத்தத்தில் சேருகிற இடம் சிறுகுடல். இரைப்பையில் இருக்கிற அமிலம் சாப்பாட்டோடு போகிற கிருமிகளில் பெரும்பாலானதைக் கொன்றுவிடும். தப்பித்துப் போவதையும் குடல் நிற்க விடாமல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சிறுகுடலின் மேல்பகுதியில் ஒரு மில்லி நீரில் சில ஆயிரம் கிருமிதான் இருக்கும். பெருங்குடலில் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேலே! அந்தந்த இடத்தில் அந்தந்த அளவு இருந்தால் அதுதான் ஆரோக்கியம்.

இதை வெளிநாட்டில் மட்டும் பார்க்கவில்லை. நம்ம வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1970-களில், நல்லா இருக்கிற தென்னிந்தியக் குழந்தைகளையும் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளையும் வைத்து, சிறுகுடலில் என்னென்ன கிருமி இருக்கு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுகுடலில் வாழ்கிற சில கிருமிகள் ரத்தம் ஊறத் தேவையான பி12 வைட்டமினைத் தயாரிக்கின்றன என்பதையும் அவர்கள்தான் 1980-ல் காட்டினார்கள்.

இந்த நல்ல கிருமி என்ன செய்யும்? நாம பாலுக்கு உறை ஊற்றுகிறோம். உறைமோரில் இருக்கிற கிருமி பெருகிப் பாலைப் புளிக்க வைத்துவிட்டால், கெட்ட கிருமிக்கு அங்கே சுலபமாக இடம் கிடைக்காது. குடலிலும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு அந்த உறைமோர் மாதிரி உதவுவது தாய்ப்பால். குழந்தைக்கே செரிக்காத ஒருவகைச் சர்க்கரை தாய்ப்பாலில் இருக்கு. அது நல்ல கிருமிக்கான சாப்பாடு! அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும். சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்.

இந்தக் கிருமிகளை நாமே இரண்டு விதத்தில் கெடுக்கிறோம்.

ஒன்று, குழந்தைக்கு இரண்டு தடவை வெளிக்குப் போனதும், போன மாசத்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பது. குழந்தைகளுக்கு வருகிற வயிற்றுப்போக்கில் பெரும்பாலானது வைரஸால் வருவது. வைரஸுக்கு அந்த மருந்து கேட்காது. நல்ல கிருமிதான் சாகும். அந்த மருந்தாலேயே வயிற்றுப்போக்கு இன்னும் கூடுவதும் உண்டு.

இரண்டாவது, அசுத்தம். மலம் கலந்த தண்ணி, கழுவாத கை வழியாக ஓயாமல் கிருமி உள்ளே போனால், சிறுகுடலில் அளவுக்கு மீறிப் பெருகும். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகும். முட்டை, கீரை, சத்துமாவு எல்லாம் கொடுத்தும் பிள்ளை வளரலையே என்று நாம கவலைப்படுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கொடுங்க. பொட்டலம் கையில் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணியில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. நர்சம்மாவிடம் கேட்டு ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுங்க. போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடக்கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், தண்ணிகூடக் குடிக்க முடியாமல் சோர்தல், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கணும்.

அவசரத்துக்கு என்று நாம் குழுவில் எடுக்கிற கடனில் எத்தனை கடன் பிள்ளைகளின் வைத்தியச் செலவுக்குப் போகிறது என்று தீர்மான நோட்டைப் புரட்டினாலே தெரியும். சோப்பு போட்டுக் கை கழுவுவதற்குச் செலவு கொஞ்சம்தான். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலித்து முடித்ததும், ஐந்து நிமிஷம் இதையும் பேசுங்க.